அர்லிண்டோ நின்ற வரிசை

அன்று காலை டல்வா இரண்டு குடுவைகளில் மாத்தே இலைத்தேநீர் போட்டாள். ஒன்று வழக்கமாக வீட்டில் புழங்கும் பெரிய குடுவை. இன்னொன்று மகள் மார்லீசி கல்யாணத்துக்கு முன்பு வைத்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் கிடந்ததைத் தேடி எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். விறகடுப்பில் கெண்டி கொதிப்பதற்குள் இறக்கி, இலைத்தூளின் மேல் சுடுநீர் ஊற்றி, உறிஞ்சு குழலைச் செருகினாள். சின்னதைப் புருஷன் ஒடிலோன் உட்காரும் பக்கம் வைத்துவிட்டு, பெரியதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அராசா மலைப்பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பேசாமல் கிடந்த நாட்கள் உண்டு. ஒரே குடுவையில் மாறி மாறிக் குடிக்காத காலைப்பொழுது கிடையாது. வழிப்போக்கன் வந்தால்கூடத் தாங்கள் உறிஞ்சிய குழலையே அவனுக்கும் நீட்டுவார்கள், வாங்கிக் குடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் கட்டிய புருஷனுக்குத் தனிக் குடுவை வைப்பதென்றால் படுக்கையைச் சுருட்டித் தெருவில் போட்ட மாதிரிதான்.

ஒடிலோன் கொட்டகையிலிருந்து வந்தார். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடந்தது. பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன் கையை நீட்டிச் சூடு பண்ணிக்கொண்டே மேசையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான்."

"ஏன், எனக்கு என்ன கேடு?"

"இன்னும் ஒண்ணும் வரல. வந்தப்புறம் பிரிச்சு என்ன பிரயோசனம்?"

அவர் உட்கார்ந்தார். சின்னக் குடுவையைத் தொடவில்லை. பின்பு, "முப்பத்தஞ்சு வருஷம் என் எச்சில் உனக்கு விஷமா இல்ல," என்றார்.

"என்னய எதுக்குய்யா இழுக்கற? உள்ள ஒண்ணு கெடக்கே, அத நெனச்சுப் பாரு."

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு மார்லீசி இருந்தாள், குழந்தையோடு. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை அது. லவீனியா என்று பெயர் வைத்திருந்தார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் ஒயருமாகக் கிடந்து, முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தது. ஒரு முழு ரொட்டியின் கனம்கூட இருக்காது. மூச்சு விடும்போது விலாவுக்கடியில் தோல் உள்ளே போய் வந்தது. அதைப் பார்த்தாலே டல்வாவுக்குத் தன் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது.

டாக்டரம்மா கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். இந்தக் குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் தாங்காது. ஆறு மாதம் ஆகாமல் இதற்குத் தடுப்பூசியும் போட முடியாது. ஆகவே சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் வேலி. மார்லீசியும் அவள் புருஷன் எடிமாரும் டல்வாவும் அங்கேயே அப்போதே போட்டுக்கொண்டார்கள். பாக்கி ஒடிலோன் ஒருவர்தான்.

உள்ளேயிருந்தே மார்லீசி சொன்னாள். "அம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"நீயே சொல்லேன். காது கேக்குதே அவருக்கு."

கதவு ஒரு சாண் திறந்தது. மார்லீசியின் முகம் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது. "அப்பா, இன்னிக்குக் கோயில் கூடத்துல ஊசி போடறாங்க. சாயந்தரம் வரைக்கும் இருப்பாங்களாம். நீ போட்டுக்கலேன்னா திங்கக்கெழம நான் புள்ளையத் தூக்கிட்டு எடிமார்கிட்ட போயிடுவேன்."

"அவன் வேல பாக்கற கோழிக்கறி ஆலைக்குப் பின்னாடி இருக்கற அறைக்கா? செவுத்துல பூசணம் வழியுதுன்னு நீதான சொன்ன. பக்கத்து அறைக்காரனுக எல்லாம் இருமிக்கிட்டே இருப்பானுகன்னு சொன்ன."

"சொன்னேன். அங்க இருமறவன் பக்கத்து அறைல இருக்கான். இங்க நீ ஒரே வீட்டுலயே இருப்ப."

"நான் இருமறேனா?"

"ஜூன் குளிர்ல இருமுவ. வருஷா வருஷம் இருமுவ." கதவு சாத்திக்கொண்டது.

ஒடிலோன் எழுந்து பூட்ஸை மாட்டினார். மாத்தே ஆறிப்போய் மேலே நுரை அடங்கியது. இந்த மனுஷன் எதற்கும் மசிய மாட்டான் என்று டல்வாவுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பூசணம் பிடித்த அறைக்குள் குழந்தையைக் கொண்டுபோனால் அது இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

குளிர் தொடங்கும் மே மாதம் மாட்டுக்கும் ஊசிக் காலம். கறவை முடிந்து பாலைக் குளிர்தொட்டியில் ஊற்றிய பிறகு, ஒடிலோன் கோமாரி மருந்தை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தார். மாடுகளை மரக்கட்டை அடித்த குறுகிய சந்துக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிவிடுவது டல்வா வேலை. கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்துக் கண்மூடித் திறப்பதற்குள் குத்தி எடுத்துவிடுவார் ஒடிலோன். அந்த ஊரில் அவர் கைக்கு நல்ல பெயர். மாடு தலையைத் திருப்பிக்கூடப் பார்க்காது.

"ஒரு மாட்ட விடமாட்ட நீ," என்றாள் டல்வா, சந்தின் கதவைத் தள்ளியபடி.

"விட்டா கால்நட ஆபீசரு பால விக்க விடமாட்டான்."

"ஆபீசரு சொன்னா கேப்ப. பேத்திக்காகக் கேக்க மாட்ட."

"மாடும் நானும் ஒண்ணா?"

"மாட்டுக்குப் புத்தி இருக்கு. குத்துனா நிக்குது."

அவர் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. சிரிக்கவில்லை. ஊசியைத் துடைத்துவிட்டு அடுத்த மாட்டின் கழுத்தைத் தடவினார். "போன தடவ எங்க மாமன் மவன் வல்மோர் போட்டுக்கிட்டான். ஒரு வாரம் கைய தூக்க முடியல. காய்ச்சல் வேற."

"ஒரு வாரம் இல்ல, ஒரு நாளு. அந்த ஒரு நாளும் அவன் பொண்டாட்டி கோழி சூப்பு வெச்சுக் குடுத்தா. அதுக்காகப் படுத்துக் கெடந்தான்."

"அந்த மருந்துலதான் காய்ச்சலே இருக்கு. உள்ள போட்டு விடறானுக."

"செத்த கிருமிய்யா அது. செத்தது எப்படி எந்திரிச்சு வரும்? ஊசி போட வர்ற ஜுசாரா எத்தன தடவ சொல்லியிருக்கா."

"ஜுசாரா." ஒடிலோன் அவளை நேராகப் பார்த்தார். "அர்லிண்டோவும் போட்டுக்கிட்டான்ல. நீதான அனுப்புன. என்ன ஆச்சு அவனுக்கு?"

டல்வா திரும்பிக்கொண்டு அடுத்த மாட்டை ஓட்டப் போனாள். ஒவ்வொரு பேச்சும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டும். அர்லிண்டோ அவள் கொழுந்தன், ஒடிலோனுக்கு ஒரே தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் இவர்களோடேயே இருந்தவன். சர்க்கரை வியாதிக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், போக மாட்டேன் போக மாட்டேன் என்றவனை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து ஊசிக்கு அனுப்பி வைத்தவள் டல்வாதான். அடுத்த மாதமே சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடந்து போய்ச் சேர்ந்தான். ஊசி போட்டுக்கொண்டவன் அதே நோயில் செத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குப் பிறகு கோயில் கூடத்துக்குப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். துக்க வீட்டில் மார்லீசியே எல்லார் முன்னாலும் கேட்டாள், "ஏம்மா சித்தப்பாவ அனுப்புன?" என்று. மகள் பிறகு மறந்திருக்கலாம். டல்வா மறக்கவில்லை. போன வருஷம் அவள் தானும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. போய் நின்றால் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசிப்போனாள்.

கடைசி மாடு வெளியே போனதும் கையைக் கழுவிக்கொண்டு டல்வா சொன்னாள். "நான் கூடத்துக்குப் போறேன். ஜுசாராவ வீட்டுக்கு வந்து உன்கிட்ட பேசச் சொல்றேன்."

"அவ வந்தா நான் சோளக்காட்டுல இருப்பேன்."

கோயில் கூடத்தில் நீளமேசையைப் போட்டு, நீல ஐஸ் பெட்டியை வைத்து, சுகாதாரப் பணிக்காரி ஜுசாராவும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம்தான் மாற்றலாகி வந்த ஜுசாரா, இந்த மலையின் பாதைகளிலெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய் வீடு வீடாக விசாரிக்கிறவள். யாருக்கு எந்த மாத்திரை என்பது அவளுக்கு மனப்பாடம். ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் வெளியே வெயிலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஊசி போட்டுக்கொண்டு வருகிறவனைக் கேலி செய்ய.

டல்வா பெஞ்சில் உட்கார்ந்து ஜுசாரா ஓயும்வரை காத்திருந்தாள். பக்கத்தில் ஜெனோவேவா வந்து உட்கார்ந்தாள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தவள், மேட்டு வீட்டுக்காரி, தனியாக இருக்கிறவள். மடியில் வேகவைத்த பைன் கொட்டைகளைக் கட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து உரித்தாள்.

"இந்தா, சாப்பிடு. உன் மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. இவரு ஊசி போட்டுக்க மாட்டேங்கறாரு. மவ கெளம்பறேன்னு நிக்கறா."

"உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கே ஊசின்னா ஆகாது போல. உன் கொழுந்தனும் இப்படித்தான். என்கிட்ட எடத்தப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனவன், வரவே இல்ல."

டல்வாவுக்குப் புரியவில்லை. "எந்த எடம்?"

"இதே வரிசைதான். அவன் செத்த வருஷம். எனக்கு முன்னாடி நின்னான். நீலக் கட்டம் போட்ட சட்ட, இஸ்திரி மடிப்பு கலையல. என்னடா மாப்பிள்ள கோலம்னேன். அழுக்கா வந்தா அண்ணி கொன்னுருவான்னு சிரிச்சான் பாவம்." ஜெனோவேவா ஒரு கொட்டையை உரித்து டல்வாவின் கையில் வைத்தாள். "இவனுக்கு மூணு நாலு பேரு முன்னாடி இருந்தாங்க. அப்பத்தான் உன் வீட்டுக்காரன் டிராக்டர்ல வந்து வாசல்லயே நின்னு கத்துனான். மாடு கன்னு போட முடியாம கெடக்கு, காலு மட்டும் வந்திருக்கு, ஓடியாடான்னு. இவன் ஓடிட்டான். அக்கா என் எடத்தப் பாத்துக்க, இதோ வந்துடறேன்னான். நான் போட்டுக்கிட்டு அப்புறமும் உக்காந்திருந்தேன். பெட்டிய மூடற வரைக்கும் உக்காந்திருந்தேன். எங்க வந்தான்?"

"அவன் போட்டுக்கவே இல்லையா?"

"அன்னிக்குப் போட்டுக்கல. அப்புறம் ஆஸ்பத்திரில போய்ப் போட்டானோ என்னவோ."

"ஏங்க்கா இத்தன நாளு சொல்லல?"

ஜெனோவேவா வாயில் வைத்த கொட்டையை எடுத்துவிட்டாள். "என்னத்தச் சொல்றது? அடுத்த வாரம் நான் சின்ன மவ வீட்டுக்குப் போயிட்டேன். குளிரு முடிஞ்சுதான் வந்தேன். அவன் போட்டுக்கிட்டுச் செத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. சரி, வேற நாளு வந்து போட்டிருப்பான்னு நெனச்சேன். நீங்க வீட்டுக்காரங்க. உங்களுக்குத் தெரியாததா?"

வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது அந்தச் சாயங்காலம் டல்வாவின் கண் முன்னால் வந்து நின்றது. முற்றத்தில் அண்ணனும் தம்பியும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். நீலக் கட்டச் சட்டை முழுக்க இரத்தமும் வழவழப்பும். அவள் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள், "ஊசி போட்டாச்சா?" என்று. அர்லிண்டோ வாயைத் திறப்பதற்குள், "போட்டாச்சு, போட்டாச்சு," என்று ஒடிலோன்தான் சொன்னார். அர்லிண்டோ அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். கன்றுக்குட்டி பிழைத்த சந்தோஷம் என்று அவள் நினைத்தாள்.

ஜுசாரா எதற்கோ கூப்பிட்டாள். டல்வா திரும்பிப் பார்க்காமல் பிக்கப் வண்டியில் ஏறினாள்.

ஒடிலோன் சோளக்காட்டில் இல்லை. குழியிலிருந்து பதப்படுத்திய தீவனத்தை வாரித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. அவள் ஒருத்தியாக வருவதைப் பார்த்து, "எங்க உன் ஜுசாரா?" என்றார் கிண்டலாக.

"அன்னிக்கு 'போட்டாச்சு'ன்னு சொன்னது யாரு?"

"என்னிக்கு?"

"நம்ம மாடு மிமோசா கன்னு போட்ட அன்னிக்கு."

மண்வாரி பாதியில் நின்றது. ஒடிலோன் அதைத் தீவனத்தில் குத்தி நிறுத்தினார். ஒரே நிமிஷத்தில் அவர் கிழவனாகிப்போனது போல டல்வாவுக்குத் தோன்றியது. பொய் என்று சொல்ல மாட்டாரா, ஜெனோவேவாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று திட்ட மாட்டாரா என்று ஒரு கணம் ஏங்கினாள்.

"யாரு சொன்னா?"

"அத விடு. நீ கூட்டிட்டு வந்தியா இல்லையா?"

"வந்தேன். ஒருத்தனா இழுக்க முடியல. மாடு செத்துரும்போல இருந்துச்சு." அவர் கையைக் கால்சட்டையில் துடைத்தார். "முடிஞ்சப்ப பொழுது சாஞ்சுருச்சு. அடுத்த வாரம் போட்டுக்கலாம்னான். நீ திட்டுவேன்னுதான் போட்டாச்சுன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அடுத்த வாரம் சோளம் வெட்டு வந்துச்சு. அதுக்கடுத்த வாரம் காய்ச்சல் வந்துச்சு."

"அவன் செத்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் நெனச்சேன். அவன் சவப்பெட்டி நடு வீட்டுல இருக்கு. எல்லாரும் ஊசிதான் கொன்னுச்சு, ஊசிதான் கொன்னுச்சுன்னு பேசறானுக. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"ஊசியவா சொன்னாங்க? என்னையச் சொன்னாங்க. அனுப்புனவ நானு."

ஒடிலோன் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் சொன்னதைத்தான் டல்வாவால் பொறுக்க முடியவில்லை. "நீ தாங்குவேன்னு நெனச்சேன்."

அவள் தள்ளுவண்டியை எட்டி உதைத்தாள். அது சாய்ந்து தீவனமெல்லாம் சேற்றில் கொட்டியது. முப்பத்தைந்து வருஷத்தில் தீவனத்தைக் கால்பட மிதித்தவள் இல்லை அவள். "தாங்குனேன்ய்யா. ரெண்டு வருஷம் தாங்குனேன். இன்னிக்குக் காலைலகூட மாட்டு முன்னாடி நின்னு கேட்ட, நீதான அனுப்புனன்னு. எப்படிய்யா கேக்க வாய் வந்துச்சு உனக்கு?"

"அதக் கேட்டா நீ வாய மூடிக்குவ. அதான் கேட்டேன்." அவர் மண்வாரியின் பிடியைப் பற்றிக்கொண்டார். "அந்தக் கூடத்துக்குள்ள போனா எனக்கு முன்னாடி அவன் நிப்பான் டல்வா. நான் போட்டுக்கிட்டு, குளிரும் போயி, எனக்கு ஒண்ணும் ஆகலேன்னு வையி. அப்ப அவனுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னுதான அர்த்தம்?"

"ஆகியிருக்கலாம். ஆகாமயும் போயிருக்கலாம். சர்க்கரைக்காரன் அவன். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனா இப்ப உள்ள கெடக்கறது உன் தம்பி இல்ல." டல்வா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வண்டில ஏறு."

"டல்வா..."

"உன்கூட எனக்குப் பேச்சு இல்ல. ஏறு."

இருவரும் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒடிலோன் வாசற்படியில் நின்றுவிட்டார். உள்ளே வரிசை எதுவும் இல்லை, காலித் தரைதான். ஆனாலும் யாருக்கோ வழிவிட்டு நிற்பவர் போல ஒதுங்கி நின்றார். டல்வா அவரைத் தள்ளவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. ஜுசாராதான் ஐஸ் பெட்டியின் மூடியைத் திரும்பத் திறந்து, "வா மாமா, இன்னும் மிச்சம் இருக்கு," என்றாள், இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லாததுபோல.

அவர் போய் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். வெளியே நின்ற வல்மோர் எட்டிப் பார்த்து, "ஒடிலோனே போட்டுக்கறானா?" என்றான் யாரிடமோ. ஊசி இறங்கும்போது ஒடிலோன் கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு கோடு நனைந்திருந்தது. அந்த வெள்ளைக்கோட்டுப் பெண், "வலிச்சுதா அய்யா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது மார்லீசி அடுப்படியில் குழந்தையை மார்போடு அணைத்து நின்றிருந்தாள். அப்பாவின் முழங்கைக்கு மேல் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "போட்டுக்கிட்டியாப்பா," என்று குழந்தையை நீட்டிக்கொண்டே வந்தாள். ஒடிலோனின் கைகள் தாமாகவே முன்னால் போயின.

டல்வா குறுக்கே வந்து நின்றாள். "மருந்து புடிக்க ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் அவரு கொட்டகை அறைல படுக்கட்டும். தூரத்துல இருந்து பாக்கட்டும்."

"ரெண்டு வாரந்தான," என்றார் ஒடிலோன், கையை மடக்கிக்கொண்டு. "இருந்துக்கறேன்."

"அப்ப நீ திங்கக்கெழம போகல இல்ல?" என்றாள் டல்வா மகளிடம்.

"நான் ஏம்மா போறேன்? அப்பாதான் போட்டுக்கிட்டாரே." மார்லீசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு உங்களுக்கு? எப்படி ஒத்துக்கிட்டாரு?"

டல்வா பால் வாளியை எடுத்துக்கொண்டாள். "உங்கப்பன் சொல்லுவான். மொதல்ல உனக்குச் சொல்லட்டும், அப்புறம் ஊருக்குச் சொல்லட்டும். நீ அங்கயே நின்னு சொல்லுய்யா, கிட்ட வராத."

சாயங்காலக் கறவைக்கு மாடுகள் கத்த ஆரம்பித்திருந்தன. கொட்டகைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. டல்வா முதல் மாட்டின் மடியைக் கழுவிக் கறவை இயந்திரத்தை மாட்டினாள். அதன் தட்தட் சத்தத்தில் வீட்டுப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது மாட்டுக்கு வரும்போது வாசலில் நிழல் ஆடியது. மார்லீசி வெறுங்காலோடு, மேல்சட்டைகூட இல்லாமல் நின்றாள்.

"புள்ள எங்க?"

"தொட்டில்ல தூங்குது. கதவச் சாத்திட்டு வந்தேன்." அவள் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் நான்..."

"காலு சில்லுனு ஆயிரும். போயி பூட்ஸ் போட்டுக்க."

மார்லீசி போகவில்லை. சேறும் சாணியுமான தரையில் நடந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். டல்வா மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துச் சாய்ந்தாள். அர்லிண்டோ செத்த வீட்டில் அவள் அழவில்லை. அடக்கம் பண்ணின இடத்திலும் அழவில்லை. சாகக் காரணமானவளே முன்னால் நின்று அழுதால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அவனுக்காக, அந்தக் கொழுந்தனுக்காக, வாய்விட்டு அழுதாள். மாடு ஒருமுறை காலை மாற்றி வைத்துவிட்டு அசையாமல் நின்றது.